இழுத்த வில்லை இறக்கி வைத்த பையன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவரும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும்,

போன ஞாயிறு நாய் புகுந்த கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆறு பிள்ளைகள் வில்லோடு கோட்டில் நின்றிருந்தார்கள். பத்து மீட்டர் தூரத்தில் பலூன் கட்டிய பலகை. அம்பு விட விசில் கொடுத்துவிட்டேன். முதல் நான்கு அம்பு போய் ‘தப்’பென்று குத்தி நின்றது. அந்த நேரம் பார்த்துப் பின்பக்கக் கேட்டு வழியாக ஒரு செவலை நாய் உள்ளே வந்து, பலகைக்கு முன்னால் ஒரு வட்டமடித்துப் படுக்க இடம் பார்த்தது. கேட்டைச் சாத்த மறந்தது நான்தான்; அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தச் சொல்லி ஐந்து விசில் ஊதினேன். நான்கு பேர் அதற்குள் அம்பை விட்டுவிட்டார்கள், நல்லவேளையாக நாய் வருவதற்கு முன். ஐந்தாவதாக நின்ற பெண் இன்னும் அம்பை நாணில் கோக்கவே இல்லை. ஓரத்தில் நின்ற சின்னவன், இரண்டாம் வகுப்புப் பையன், முழுசாக இழுத்துக் கையைத் தாடைக்கடியில் ஒட்டி வைத்திருந்தான்.

விசில் கேட்டதும் அவன் நாணை விடவில்லை. வில்லைத் தரை பார்க்கத் தாழ்த்தினான். இழுத்த கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் விட்டு, நாணை அதன் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தான். அம்பைக் கழற்றிக் கூடையில் போட்டான். கோட்டை விட்டு இரண்டு எட்டுப் பின்னால் வந்து நின்றான். மொத்தம் ஐந்து விநாடி இருக்கும். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டே செய்தான். கணக்குப் போடும்போதும் அப்படித்தான் நீட்டுவானாம்.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது அவன் அப்பா என்னிடம் வந்தார். “ஏனுங் சார், பையன் பயந்துட்டானா? மத்தவங்கெல்லாம் விட்டாங்க, இவன் மட்டும் விடாம வந்துட்டானே?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்த மைதானத்தில் நான் பார்த்ததிலேயே நல்ல காரியத்தைச் செய்துவிட்டு வந்த பிள்ளையைப் பார்த்துப் பயந்துவிட்டானா என்று கேட்டால் என்ன சொல்வது? வீட்டுக்குப் போய் யோசித்தேன். தப்பு அவர் மேல் இல்லை. இந்த வகுப்பில் என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று நான் உங்களில் யாரிடமும் உட்கார்ந்து சொன்னதே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

நீங்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, “எந்த வில் வாங்கட்டும்?” ஒருவர் கேட்கவே இல்லை, ஆன்லைனில் வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் வில் பிள்ளையைவிட ஒரு முழம் உயரம். அதன் மேல் 30 பவுண்டு என்று எழுதியிருந்தது. பிள்ளைக்கு வயது ஏழு.

அந்த எண்ணைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் அது. பெரியவர்களின் கை நீளத்துக்கு வைத்த கணக்கு. ஏழு வயதுப் பிள்ளையின் இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, இரண்டரையால் வகுத்துப் பாருங்கள். பத்தொன்பது அங்குலம் வந்தால் அதிகம். அவ்வளவுதான் அந்தப் பிள்ளையால் இழுக்க முடியும். ஆக, 30 பவுண்டு வில் அதன் கையில் 15 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். பாதிதானே என்று நினைக்காதீர்கள். 15 பவுண்டு என்பது ஏறக்குறைய ஏழு கிலோ. இருபது கிலோ எடையுள்ள பிள்ளை மூன்று விரலில் ஏழு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டபடி, அசையாமல் நின்று, குறியும் பார்க்க வேண்டும். நாம் செய்வோமா? அவ்வளவு பாடுபட்டும் அம்பு என்னவோ சோம்பலாகத்தான் போய் விழும், வில்லின் முழுப் பலம் வெளியே வருவதில்லையே. அதைப் பார்த்துவிட்டு ‘வில்லு வேகம் பத்தலை’ என்று இன்னும் கனமான வில்லைத் தேடும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டு முதல் பத்துப் பவுண்டு என்று எழுதிய சின்ன வில் போதும். உயரம் 48 அங்குலம் அல்லது 54. பிள்ளை முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ண வேண்டும், தோள் காதுக்கு ஏறக் கூடாது, உடம்பு பின்னால் சாயக் கூடாது. பத்து எண்ணியபின் அம்பை விடாமல் இறக்கவும் வேண்டும். இது நான் வைத்திருக்கும் சோதனை. இதில் தேறாத வில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு உரிய வில் இல்லை. கனமான வில்லை இழுத்த பிள்ளையால் இறக்க முடியாது, விட்டுவிடத்தான் முடியும். போன ஞாயிறு அந்தச் சின்னவன் கையில் 30 பவுண்டு இருந்திருந்தால் நாய் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்த காலத்தில், வில்வித்தை கற்றுக்கொடுக்கத் தொடங்கிய முதல் வருஷம், திடகாத்திரமான ஒரு பையன் கிடைத்தான். பத்து வயது. என்ன சொன்னாலும் செய்வான். மாவட்டப் போட்டிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ‘இவன் தாங்குவான்’ என்று பெரிய பையன்களின் வில்லைக் கொடுத்தேன். தாங்கினான், ஆறு வாரம் தாங்கினான். பிறகு ஒருநாள் பள்ளிப் பையை வலது தோளில் மாட்ட முடியவில்லை என்று அவன் அம்மா வந்து நின்றார். ஓய்வு கொடுத்தோம், வலி போனது. ஆனால் அவன் திரும்பி வரவில்லை. வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பான். வில்லைப் பற்றிப் பேச மாட்டான். அவனுக்கு நான் செய்தது துரோகம்தான், வேறு சொல் இல்லை.

சரி, அடுத்த புகார். “மூணு வாரமா வர்றோம், இன்னும் அம்பே குடுக்கல.” உண்மைதான். முதல் மூன்று ஞாயிறு உங்கள் பிள்ளைகள் சைக்கிள் டியூப்பை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். பழைய டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி முடிச்சுப் போட்டது. அதில் என்ன கற்கிறார்கள் என்று அருகில் வந்து பாருங்கள். கால் இரண்டும் தோளகலத்தில் நிற்கிறதா, டியூப்பை முன்னால் தள்ளும் கையின் முழங்கை உள்பக்கமாகத் திரும்பித் துருத்திக்கொண்டு நிற்கிறதா, இழுப்பது விரலா முதுகா. சின்னப் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக, முழங்கை நெகிழ்வாக இருக்கும். நேராக நீட்டச் சொன்னால் நேருக்கும் அப்பால் வளைந்துவிடும். அப்படியே வில்லைக் கொடுத்தால் நாண் போகிற போக்கில் முன்கையைச் சுரண்டிவிட்டுப் போகும். முழங்கையை வெளிப்பக்கம் திருப்பப் பழக்க மூன்று வாரம் ஆகிறது, சிலருக்கு ஐந்து. போன மாதம் ஒரு குட்டியின் கையில் நீலம் கட்டியதைப் பார்த்து அவள் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முன்கையில் மாட்டும் ஆர்ம் கார்டை அவள் கழற்றிப் பையில் போட்டுவிட்டு நின்றதை நான் கவனிக்கவில்லை. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் குட்டி மறுநாள் பள்ளியில் அதைக் காட்டிக் காட்டிப் பெருமையடித்தாள் என்பதும் எனக்குத் தகவல்.

டியூப்பில் இன்னொரு சௌகரியம் உண்டு. வெறும் வில்லை இழுத்து விடக் கூடாது. அம்பு இல்லாமல் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்கே திரும்பும். வில்லின் வளையும் பகுதி (லிம்ப்) விரிசல் விடும், சில நேரம் கையிலேயே உடையும். வீட்டில் மாட்டி வைத்த வில்லை விருந்தாளிகள் எடுத்து ‘டங்’கென்று ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்ப்பார்கள் இல்லையா, என் வயிறு கலங்கும் இடம் அது. டியூப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் விடலாம்.

இனி, நம் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் கதைக்கு வருகிறேன். துரோணர் மரத்தில் ஒரு பறவையை வைத்துவிட்டு, “என்ன தெரிகிறது?” என்று ஒவ்வொருவராகக் கேட்ட கதை. மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, நீங்களும் தெரிகிறீர்கள் என்றவர்களை ஒதுக்கிவிட்டார். பறவை மட்டும் தெரிகிறது என்ற அர்ச்சுனனை அம்பு விடச் சொன்னார். இதை வகுப்புக்கு வரும் முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிக் கூட்டி வருகிறீர்கள். ‘என்ரா தெரியுது? கண்ணு மட்டும் தெரியோணும்!’ என்று கோட்டுக்குப் பின்னால் நின்று ஒரு தாத்தா சத்தம் போடுகிறார்.

எனக்கு அந்தக் கதையில் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல். அன்று வகுப்பில் நூற்றைந்து இளவரசர்கள். அம்பு விட்டது ஒருவன். மற்ற அத்தனை பேரும் ஓர் அம்புகூட விடாமல் வீட்டுக்குப் போனார்கள். என் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். அப்படி ஒரு வகுப்பு நான் எடுத்தால் அடுத்த வாரம் இருபத்திரண்டு பேர் வர மாட்டார்கள், வரவும் கூடாது. அதோடு, பறவையை மட்டும் பார் என்பது தேர்ந்த வில்லாளிக்குச் சொல்ல வேண்டிய சொல். எட்டு வயதுப் பிள்ளைக்கு மரமும் தெரிய வேண்டும், கிளையும் தெரிய வேண்டும், பக்கத்தில் நிற்பவனும் தெரிய வேண்டும். குறுக்கே நாய் வந்தால் கண்டிப்பாகத் தெரிய வேண்டும்.

தருமனை நினைத்துப் பார்க்கிறேன். வில்லை வளைத்துக் குறி பார்த்து நிற்கிறான். கேள்வி வருகிறது, பதில் சொல்கிறான், ‘நீ தள்ளி நில்’ என்கிறார் குரு. இழுத்த வில்லை இறக்கிவிட்டுத் தள்ளி நிற்கிறான். பின்னால் வந்தவர்களும் அப்படியே. அத்தனை பேரும் இறக்கினார்கள், ஒருவர் அம்பும் தவறிப் போகவில்லை. அந்த வகுப்பின் உண்மையான தேர்ச்சி அதுதான் என்று எனக்குப் படும். கதை சொல்பவர்கள் யாரும் அதற்குக் கைதட்டியதில்லை.

துரோணர் பேச்சு வந்துவிட்டதால் அவருக்குக் கட்டை விரலைக் காணிக்கையாகக் கொடுத்த ஏகலைவன் சங்கதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பிடியில் கட்டை விரலுக்கு வேலையே இல்லை. ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் கீழே. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிவிட வேண்டும். இன்று உலகப் போட்டிகளில் ரிகர்வ் (நுனிகள் முன்னால் வளைந்த) வில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று விரலால்தான் இழுக்கிறார்கள். ஆசியாவின் பழைய முறை வேறு. மங்கோலியாவிலும் கொரியாவிலும் பாரசீகத்திலும் கட்டை விரலை நாணில் மாட்டி இழுத்தார்கள், விரல் அறுபடாமல் இருக்க மோதிரம் போட்டுக்கொண்டார்கள். முகலாயர் காலத்துக் கல் பதித்த கட்டைவிரல் மோதிரங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கட்டை விரலால் இழுக்கிறவனிடம்தான் கட்டை விரலைக் கேட்டால் பொருள் உண்டு. பீல் பழங்குடி மக்கள் ஏகலைவன் நினைவாகக் கட்டை விரலை நாணில் வைப்பதில்லை என்பார்கள். அதைச் சொன்னபோது பிள்ளைகளில் ஒருத்தி தன் கட்டை விரலைப் பார்த்தபடியே, “அப்போ அவரு நம்மகிட்ட வந்திருந்தா விளையாடியிருக்கலாமே சார்” என்றாள்.

விளையாட்டு என்றதும் நம் ஊர் ஈர்க்குச்சி வில் நினைவுக்கு வரும். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவி, வளைத்து நூல் கட்டி, இன்னொரு ஈர்க்கை அம்பாக வைத்து விடுவோம். நானும் விட்டவன்தான். நுனியில் வேலமுள் செருகினால் நேராகப் போகும் என்று கண்டுபிடித்தவனும் நான்தான். என் சித்தப்பா மகன் புருவத்தில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அரை அங்குலம் கீழே இறங்கியிருந்தால் அவனுக்கு ஒரு கண் இல்லை. வடமாநிலங்களில் தசரா நாட்களில் ராமலீலா பார்த்துவிட்டு வில் செய்து விளையாடும் பிள்ளைகளுக்குக் கண்ணில் அடிபடுவதைப் பற்றிக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வில்வித்தை ஆபத்தான விளையாட்டு என்று சொல்ல இதை எழுதவில்லை. முறையாக நடக்கும் மைதானத்தில் கிரிக்கெட்டைவிட அடி குறைவு. ஆனால் ‘விளையாட்டுச் சாமான்தானே’ என்று வீட்டில் விடும் வில்தான் ஆபத்து. ரப்பர் குப்பி மாட்டிய பொம்மை அம்பும் எனக்குப் பிடிக்காது. அது கண்ணைக் குத்தாமல் இருக்கலாம். ஆனால் அந்த வில்லோடு பிள்ளை முதலில் குறி வைப்பது தங்கையை. ஆளைப் பார்த்து வில்லைத் திருப்பலாம் என்ற பழக்கம் ஒரு தடவை ஒட்டினால், அதைக் கழற்ற எனக்கு ஆறு மாதம் ஆகிறது.

அதனால்தான் மைதானத்தில் விசில். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வரலாம். ஒரு விசில், விடலாம். மூன்று, எல்லோரும் விட்டு முடித்தாயிற்று, வில்லை வைத்துவிட்டு அம்பு எடுக்கப் போகலாம். ஐந்தும் அதற்கு மேலும் ஆபத்து, எது எப்படி இருந்தாலும் நிறுத்து. இது நான் உண்டாக்கியது இல்லை. உலகப் போட்டிகளிலும் இந்தக் கணக்குத்தான். அம்பு எடுக்க நடந்துதான் போக வேண்டும் என்று நான் கத்துவதும் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். பலகையில் குத்தி நிற்கும் அம்பின் வால்முனை ஒரு சின்னப் பிள்ளையின் முக உயரத்தில் இருக்கிறது. ஓடிவந்து தடுக்கி விழுந்தால் என்ன ஆகும்? விட்ட அம்பைவிட நிற்கிற அம்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பிடுங்கும்போது பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்து, ஒரு கையைப் பலகையில் ஊன்றி, மறு கையால் அம்பைப் பலகையோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஏழு வயதுக் குட்டி ஒருத்தி, “அண்ணா, தள்ளி நில்லுங்ணா, புடுங்கப் போறேன்” என்று ஒன்பது வயதுப் பையனை ஒதுக்கிவிட்டுப் பிடுங்குவதை வந்து பாருங்கள். வீட்டில் அவள் யார் சொன்னாலும் கேட்க மாட்டாளாம்.

வயதைப் பற்றி. ‘அஞ்சு வயசுலயே ஆரம்பிச்சாத்தானே சார் ஒலிம்பிக்ஸ்?’ என்று கேட்கிறீர்கள். தென் கொரியாவைப் பாருங்கள். 1988-ல் ஒலிம்பிக்ஸில் பெண்கள் குழுப் போட்டி தொடங்கியது. அன்றிலிருந்து 2024 பாரிஸ் வரை பத்துத் தடவையும் தங்கம் அவர்களுக்கே. அங்கே தொடக்கப் பள்ளியிலேயே வில் கற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் ஒன்பது பத்து வயதில்தான் பிள்ளைகள் சேர்கிறார்கள். அதிலும் முதலில் நிற்கவும் இழுக்கவும்தான் பழக்குவார்கள், அம்பு பிறகு. நம் தீபிகா குமாரி ராஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா ஆட்டோ ஓட்டியவர். கல் எறிந்து மாங்காய் அடித்தும், மூங்கிலில் தானே செய்த வில்லை வைத்தும் விளையாடிய பெண். 2005-ல் பயிற்சிப் பள்ளிக்குப் போகும்போது அவருக்குப் பதினோரு வயது. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம். மாங்காய் அடித்த வருடங்களை யாரும் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். உங்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கல் எறிய விடுங்கள், மரம் ஏற விடுங்கள், டயர் ஓட்ட விடுங்கள். ஏழு எட்டு வயதில் இங்கே கூட்டி வாருங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது.

ஒலிம்பிக்ஸ் பேச்சுக்கும் ஓர் அளவு வேண்டும். இந்தியா இன்றுவரை ஒலிம்பிக்ஸ் வில்வித்தையில் ஒரு பதக்கமும் வாங்கியதில்லை. பாரிஸில் கலப்புக் குழு நான்காம் இடம் வந்ததுதான் நாம் போன தூரம். அங்கே எழுபது மீட்டர். பலகையின் நடுவில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர், நம் வீட்டுப் பரணில் கிடக்கும் சிடி தட்டு அளவு. இந்த மைதானத்தின் ஒரு மூலையில் சிடியை வைத்துவிட்டு எதிர் மூலைக்குப் போய் நின்று பாருங்கள், ஒரு புள்ளியாகத்தான் தெரியும். பத்து மீட்டரில் பலூன் உடைத்த பிள்ளையை உடனே அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பது, பிள்ளைக்கும் நல்லதில்லை, அந்த விளையாட்டுக்கும் மரியாதை இல்லை.

சாதனை நிகழ்ச்சிக்கு என்று இரண்டு பேர் வந்து என்னைக் கேட்டார்கள். ‘மூணு மணி நேரம் தொடர்ந்து ஆயிரம் அம்பு, சர்டிஃபிகேட் தர்றாங்க, பேப்பர்ல வரும்.’ முடியாது என்று சொன்னேன். இங்கேயும் அதையே சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு காலையில் விடுவது முப்பது அம்பு. அதற்கே கடைசி ஆறு அம்பில் தோள் தளர்ந்துபோகும். ஆயிரம் அம்பு விடுவது அந்தப் பிள்ளையின் ஆசை இல்லை. ஃப்ளெக்ஸ் போர்டில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்று பார்த்தால் யாருடைய ஆசை என்று தெரிந்துவிடும். வில் சேரர் சின்னம், நம் பாரம்பரியம் என்றும் சொன்னார்கள். சின்னம்தான், யார் இல்லை என்றது? அதற்காக எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் சேரநாட்டைத் தூக்கி வைக்க வேண்டாம்.

ஓர் அம்மா மட்டும் எல்லோரும் போன பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். மகனுக்குக் கால் சரியில்லை, நாற்காலியில்தான் உட்கார வேண்டும், சேர்க்க முடியுமா என்று. அம்மா, தாராளமாகக் கூட்டி வாருங்கள். நியூஸிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில், மற்றவர்களோடு அதே கோட்டில், அதே தூரத்துக்கு அம்பு விட்டார். ஜம்முவின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவிக்கு இரண்டு கையும் இல்லை. காலால் வில்லைப் பிடித்து, தோளில் மாட்டிய கருவியால் நாணை இழுக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கும்போது அவருக்குப் பதினேழு வயது. உங்கள் மகனுக்கு என்னிடம் இருப்பது சாதாரண நாற்காலிதான், கை வைக்காத நாற்காலி. கைப்பிடி இருந்தால் நாண் தட்டும். அவ்வளவுதான் நான் பார்க்க வேண்டியது.

“இதனால படிப்புல கான்சன்ட்ரேஷன் வருமா?” இதற்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். வில் பிடித்ததால் கணக்கில் மார்க் கூடியது என்று என்னால் காட்ட முடியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளியில் ஓரிடத்தில் நிற்க மாட்டான் என்று பெயரெடுத்த ஒருவன் இங்கே இரண்டு விசிலுக்கும் ஒரு விசிலுக்கும் நடுவில் பத்து விநாடி நிற்கிறான். மூக்கு அரிக்கிறது, சொறியவில்லை. பள்ளியில் நிற்கிறானா என்று கேட்டேன். இல்லை, அங்கே அதே கதைதானாம். இருந்துவிட்டுப் போகட்டும். வாரத்தில் ஒருநாள் பத்து விநாடி தன் விருப்பத்தில் நிற்கிறானே.

கடைசியாக உங்களிடம் சில விண்ணப்பம். முதல் ஆறு மாதம் வண்ண வட்டம் போட்ட காகிதத்தை நான் பலகையில் மாட்டப் போவதில்லை. பலூனும் பழைய காலண்டர் அட்டையும்தான். வட்டம் வந்தால் எண் வரும், எண் வந்தால் ‘பக்கத்து வீட்டுப் பாப்பா எவ்வளவு?’ வரும். கோட்டுக்குப் பின்னால் மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறேன், அதைத் தாண்டி வராதீர்கள். உள்ளே நின்று ‘இழு, இழு, இன்னும் இழு’ என்று சொல்லாதீர்கள். பிள்ளைக்கு என் விசில் கேட்க வேண்டும். வண்டியில் திரும்பும்போது எத்தனை பலூன் உடைத்தாய் என்று கேட்காமல் இருக்க உங்களால் முடியாது என்று தெரியும். கூடவே, இன்று எத்தனை தடவை இறக்கினாய் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வில், அம்பு, விரலுக்கு மாட்டும் டேப், ஆர்ம் கார்டு எல்லாம் என்னிடம் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். 30 பவுண்டு வில் வாங்கியவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், வீணாகாது. நாணைக் கழற்றி வைக்கட்டும். மகனுக்குப் பதினாறு வயது ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். ஆடிக் காற்று தொடங்கிவிட்டது, ஒன்பது மணிக்கு மேல் பலகையே ஆடுகிறது. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். தொளதொள சட்டை, கழுத்துச் சங்கிலி, ஜிமிக்கி எதுவும் வேண்டாம், நாணில் மாட்டும். முடி நீளமாக இருக்கும் பிள்ளைகளுக்கு இறுகப் பின்னி மடித்துக் கட்டிவிடுங்கள். கேட்டுக்கு நான் பூட்டு வாங்கிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் வில்லு மாஸ்டர்